லைட் செட்டா, டர்ஃப் வாடகையா: பிள்ளைகளின் பார்வையை எதில் பழக்குவது?

போன மாதம் எங்கள் கால்பந்து டீமில் முன்பு ஆடிய தம்பி ஒருவன் துபாயிலிருந்து 30,000 ரூபாய் அனுப்பினான். "அண்ணா, நீங்க போட்ட வீடியோ பார்த்தேன். பசங்க ரியாக்‌ஷன் ஸ்லோவா இருக்கு. அதுக்கு ஏதாவது நல்லதா வாங்குங்க" என்று வாய்ஸ் மெசேஜ். அன்று மாலையே கிரவுண்டில் நாலு பேர் நாலு யோசனை சொன்னார்கள். தொட்டால் அணையும் லைட் செட் வாங்கலாம் என்றார் ஒருவர். டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானம், வாடகைக்கு எடுக்கலாம் என்றார் இன்னொருவர். மேட்ச் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டிப் பழக்கலாம் என்றது மூன்றாவது குரல். தண்ணீர் டேங்க் ஓரம் உட்கார்ந்து முப்பது வருஷமாக எங்கள் பகுதியில் ஆட்டம் பார்க்கும் பெரியவர் மட்டும், "தெருவுல விடுப்பா, தானா வரும்" என்றார்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொடுங்கையூர் என்று வடசென்னையின் இந்தப் பக்கம் முழுக்க மாலை நேரத்தில் விசில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்னைப் போன்றவர்கள் நிறைய பேர். யாருக்கும் கையில் பெரிய காசு இல்லை. ஒரு தடவை வந்த பணத்தைத் தப்பான இடத்தில் போட்டால் அடுத்த தடவைக்கு ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எங்கள் பிள்ளைகளிடமே கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது 10 முதல் 14 வயது வரை 22 பிள்ளைகள், அதில் 7 பேர் பெண்கள்.

முதலில் அந்த 'ரியாக்‌ஷன்' என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்து என்றால், வளர்ந்த ஒருவருக்கு 0.2 முதல் 0.25 விநாடி ஆகும். சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. பிள்ளைகளுக்கு இது கூடுதலாக இருக்கும், வளர வளர அதுவாகவே குறையும். ஒரு விளக்குக்குப் பதில் நாலு விளக்கு வைத்து, எது எரிகிறதோ அதற்கு உரிய பட்டனை அழுத்தச் சொன்னால் நேரம் கூடிவிடும். தேர்வுகள் பெருகப் பெருக முடிவெடுக்கும் நேரமும் கூடுகிறது என்பதை 1952-இல் ஹிக் என்ற உளவியலாளர் அளந்து காட்டினார்.

இப்போது பெனால்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியிலிருந்து கோல் லைன் 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து 0.4 விநாடியில் வந்துவிடும். பந்து கிளம்பிய பிறகுதான் கீப்பர் திசையைப் பார்க்கிறார் என்றால், பாதி நேரம் அதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் மூலைக்குப் பாய உடம்பால் முடியாது. ஆனாலும் நல்ல கீப்பர்கள் பிடிக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் பந்து கிளம்புவதற்கு முன்பே படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 2002-இல் வந்த ஒரு ஆய்வில் கீப்பர்களின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். தேர்ந்தவர்கள் அடிக்கும் கால், ஊன்றும் கால், பந்து ஆகிய இடங்களைப் பார்த்தார்கள். அனுபவம் குறைந்தவர்களின் கண் கை, இடுப்பு, மார்பு என்று அலைந்தது.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2003-இல் வார்டு, வில்லியம்ஸ் என்ற இருவர் 9 முதல் 17 வயது வரையிலான கால்பந்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பெரிய அகாடமிகளில் இருந்தவர்கள் ஒரு பக்கம், அந்த அளவுக்கு வராதவர்கள் மறுபக்கம். கண் பார்வைக் கூர்மை, தூரம் கணிப்பது, ஓரப் பார்வை போன்றவற்றில் இரு தரப்புக்கும் ஒழுங்கான வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து பாஸ் எங்கே போகும், யார் ஆபத்தான இடத்தில் நிற்கிறார் என்று ஊகிப்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதாவது 'இவன் ரியாக்‌ஷன் வேகம்' என்று நாம் கைதட்டும் பையன் பெரும்பாலும் மற்றவர்களைவிட அரை விநாடி முன்னால் பார்த்துவிட்ட பையன். நான் ஒவ்வொரு முறையையும் இந்த அளவுகோலில்தான் பார்த்தேன்: இதில் பிள்ளை எதைப் பார்க்கப் பழகுகிறது? அது மேட்சில் கண்முன் வரப்போகிற ஒன்றா?

காசைப் பற்றிப் பேசுவதற்கு முன் காசில்லாத ஒரு வேலை இருக்கிறது. எங்கள் ரைட் பேக் பையனை ஒரு டீம் 'ஸ்லோ' என்று சொல்லி அனுப்பிவிட்டது. எங்களிடம் வந்தும் தூரத்துப் பாஸை எப்போதும் தாமதமாகவே எடுத்தான். ஒரு நாள் கிரவுண்டுக்கு வெளியே நின்ற பேருந்தின் எண்ணைப் படிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தெரியல மாஸ்டர்" என்றான். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அவன் அம்மா கூட்டிப்போனார். 1819-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, இன்றைக்கும் நம் பகுதி ஜனங்களுக்கு அதுதான் நம்பிக்கை. கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டார்கள். பின்னால் எலாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு ஆடுகிறான். அவனை ஸ்லோ என்று இப்போது யாரும் சொல்வதில்லை. எதை வாங்குவதானாலும் முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். அதோடு, சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாத ஆண் பிள்ளைகள் எந்த டீமிலும் ஒருவர் இருக்கக்கூடும். ஒரு டீமுக்குச் சிவப்பு பிப் (டீம் அடையாளத்துக்குச் சட்டைக்கு மேல் போடும் கலர் பனியன்), எதிர் டீமுக்குப் பச்சை பிப் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். மஞ்சளும் நீலமும் நல்லது.

சரி, லைட் செட். இதற்குத்தான் பிள்ளைகளிடம் ஆசை அதிகம். தரையில் ஆறு விளக்கு, எது எரிகிறதோ அதை ஓடிப்போய்த் தொட வேண்டும், போனில் நேரம் வரும். நண்பர் ஒருவரிடம் இரண்டு நாள் இரவல் வாங்கிச் செய்து பார்த்தோம். பிள்ளைகள் விடாமல் ஆடினார்கள், இரண்டாம் நாளே எல்லோருடைய நேரமும் குறைந்தது. பெற்றோருக்கு அந்த எண்களைப் பார்த்து ஒரே சந்தோஷம். ஆனால் குறைந்தது விளக்கைத் தொடும் நேரம். மேட்சில் விளக்கு எதுவும் எரிவதில்லை. டிஃபண்டரின் எடை எந்தக் காலில் இருக்கிறது, விங்கர் ஓடக் கிளம்பிவிட்டானா, கீப்பர் முன்னால் வந்துவிட்டாரா என்பவைதான் அங்கே விளக்குகள். அவை எரிவதற்கு முன்பே மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும், அந்த மங்கலைப் படிப்பதுதான் திறமை. லைட் செட்டில் அப்படி முன்கூட்டிப் படிக்க ஒன்றுமே இல்லை, ஏனென்றால் எது எரியும் என்பதை எந்திரம் குலுக்கிப்போட்டு முடிவு செய்கிறது.

இதைவிடப் பல மடங்கு பெரிய எந்திரங்களும் உண்டு. ஜெர்மனியின் போருசியா டோர்ட்மண்ட் கிளப்பில் ஃபுட்போநாட் என்று ஒன்று இருக்கிறது. 14 மீட்டர் சதுரக் கூண்டு, 8 எந்திரங்கள் பந்தை எறியும், சுற்றிலும் இருக்கும் 64 கட்டங்களில் ஒன்று ஒளிரும், அதற்குள் பாஸ் அடிக்க வேண்டும். அதிலாவது உண்மையான பந்து வருகிறது, ஃபர்ஸ்ட் டச் பழகுகிறது. எதிராளி மட்டும் அங்கேயும் இல்லை. இந்தக் கிளப்புகளின் பிள்ளைகள் கூண்டிலிருந்து வெளியே வந்தால் மீதி நாளெல்லாம் நல்ல புல்தரையில் எதிராளியோடு ஆடுகிறார்கள். நம்மிடம் உள்ள வாரம் நாலு மணி நேரத்தில் அதை ஓரமாகத் தள்ளி லைட்டுக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. வந்த பணத்தில் முக்கால்வாசி இதற்கே போய்விடும் என்பது தனி. கீப்பரின் வார்ம் அப்புக்கும், காயத்திலிருந்து திரும்பும் பிள்ளையை உற்சாகப்படுத்தவும் லைட் செட் உதவும். இருக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். இல்லாதவர்கள் கடன் வாங்கி வாங்க வேண்டாம்.

அடுத்தது தோளுக்குப் பின்னால் பார்க்கும் பழக்கம். இதற்குக் காசே வேண்டாம், ஆனால் பொறுமை வேண்டும். நார்வேக்காரரான கெய்ர் யோர்டெட் பல வருஷமாக இதைத்தான் ஆராய்கிறார். பந்து காலுக்கு வருவதற்கு முந்தைய சில விநாடிகளில் ஒரு ஆட்டக்காரர் எத்தனை தடவை பந்தை விட்டுவிட்டுச் சுற்றிப் பார்க்கிறார் என்று எண்ணினார். இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை வைத்து 2013-இல் அவர் வெளியிட்ட கணக்கில் ஃபிராங்க் லாம்பார்ட் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 தடவை, அதாவது பத்து விநாடிக்குள் ஆறு தடவை திரும்பிப் பார்த்தார். அதிகம் பார்த்தவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் மிட்ஃபீல்டு பையனிடம் "பின்னாடி பாருடா" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். ஒரு நாள் அவனே கேட்டான்: "எப்ப பாக்கறது மாஸ்டர்? பாத்தா பந்து போயிடுதே." நியாயமான கேள்வி. பந்து ஒருவர் காலைவிட்டுக் கிளம்பி இன்னொருவர் காலுக்குப் போகும் வழியில் இருக்கும்போது அதன் பாதை மாறாது. அந்த இடைவெளிதான் திரும்பிப் பார்க்கும் நேரம். பாஸ் கொடுக்கப்போகிறவரின் கால் பந்தைத் தொடும் கணத்தில் கண் பந்துக்கு வந்துவிட வேண்டும். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அவனுக்கு வழி தெரிந்தது. வெறுமனே 'பார், பார்' என்றால் பிள்ளை தலையை ஆட்டுமே தவிர எதையும் பார்க்காது.

வழக்கமாகச் செய்வது, பயிற்சியாளர் பின்னால் நின்று விரல் காட்டுவது அல்லது கலர் கார்டு தூக்குவது, பிள்ளை பந்து வாங்குமுன் அதைச் சொல்வது. முதல் வாரத்துக்கு இது சரி. அதற்கு மேல் போனால் லைட் செட்டின் குறைதான் இதற்கும்: பிள்ளை விரலைத் தேடிப் பழகுகிறது, ஆளைத் தேடுவதில்லை. நாங்கள் இரண்டாம் வாரமே கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கே ஒரு டிஃபண்டரை நிறுத்தினோம். பாஸ் கிளம்பும் நேரத்தில் அவன் நெருங்கி வரலாம், நின்ற இடத்திலேயே நிற்கலாம். வந்தால் பந்தை வந்த வழியே திருப்பிக் கொடு, வராவிட்டால் திரும்பி முன்னால் போ. அவ்வளவுதான் பயிற்சி. பிள்ளை பார்ப்பதும் செய்வதும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டதுபோல ஆகிவிடுகிறது.

வீடியோவைப் பற்றி நான் நினைத்திருந்ததைவிட நல்லதாகவே சொல்ல வேண்டும். பாஸ் கிளம்புவதற்குச் சற்று முன் நிறுத்திவிட்டு "அடுத்து எங்கே?" என்று கேட்பது பழைய முறை, பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. டிவி மேட்சை வைத்துச் செய்தபோது பிள்ளைகள் கோலை மட்டும்தான் பார்த்தார்கள். கிரவுண்டை ஒட்டிய ஹவுசிங் போர்டு மொட்டை மாடியிலிருந்து எங்கள் மேட்சையே போனில் எடுத்துக் காட்டியபோதுதான் மாற்றம் வந்தது. மேலேயிருந்து பார்த்தால் காலி இடம் தெரிகிறது. தான் நிமிர்ந்து பார்த்திருந்தால் இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது என்பதை எங்கள் ஃபார்வர்டு பெண் தானாகவே கண்டுபிடித்து, "ஐயோ அண்ணா, அவ கைய தூக்கிக்கிட்டு நின்னிருக்கா!" என்றாள். ஆனால் மாடியிலிருந்து தெரிவது ஆட்டக்காரியின் கண்ணில் தெரிவதில்லை, வாயால் பதில் சொல்வது காலால் பதில் சொல்வதும் ஆகாது. வாரத்துக்குப் பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். கீப்பருக்கு மட்டும் பெனால்டி வீடியோ கூடுதலாகப் போடலாம், ஊன்றும் காலைப் பார்க்கச் சொல்லி.

இப்போது சின்ன ஆட்டம். நாலுக்கு நாலு, 25 மீட்டருக்கு 20 மீட்டர். என் ஓட்டு இதற்குத்தான். பதினொருவர் ஆட்டத்தில் விங்கில் நிற்கும் பிள்ளை ஐந்து நிமிஷம் பந்தைத் தொடாமல் நிற்கும். நாலுக்கு நாலில் சில விநாடிக்கு ஒரு தடவை அதற்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எதிராளி, நண்பன், பந்து, கோல் எல்லாமே உண்மையானவை. விதியைக் கொஞ்சம் மாற்றினால் போதும், நீங்கள் எதைப் பார்க்க வைக்க நினைக்கிறீர்களோ அதைப் பிள்ளை பார்த்தே தீரும். ஒவ்வொரு பக்கமும் ஒரு கோலுக்குப் பதில் மூலைக்கு ஒன்றாக இரண்டு சின்ன கோல் வையுங்கள், எது காலி என்று பார்க்காமல் அடிக்க முடியாது. இரண்டு டீமுக்கும் பொதுவாக ஒருவரை நடுவில் விடுங்கள், அவர் எங்கே இருக்கிறார் என்று எல்லோரும் தேடுவார்கள். கொஞ்சம் தேறியதும் பிப்பைக் கழற்றிவிட்டு ஆடச் சொல்லுங்கள். கலரை நம்ப முடியாமல் முகத்தையும் ஓட்டத்தையும் பார்க்க ஆரம்பிப்பார்கள். 'ஒரே டச்' விதியை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள். பார்க்க நேரமில்லாமல் பந்தைத் தட்டிவிடத்தான் பழகும்.

இங்கே நம் பகுதியில் ஒரு பெரிய தடை இருக்கிறது, அது நாம்தான். லைனுக்கு வெளியே நிற்கும் அப்பா, அண்ணன், மாமா, பயிற்சியாளர் எல்லோரும் பாசத்தில் கத்துகிறோம். "அடிடா!", "லெஃப்ட்ல போடு!", "மேன் ஆன்!" (எதிராளி நெருங்கிவிட்டான்). கண்ணைவிடக் காது வேகம் என்று மேலே சொன்னேன். சத்தம் வந்தால் பிள்ளை சத்தத்தைக் கேட்டு ஆடும். கண் வேலை செய்ய வேண்டிய இடத்தில் நம் வாய் வேலை செய்துவிடுகிறது. மேட்ச் நாளில் பெரிய கூட்டத்தின் இரைச்சலில் அந்தக் குரல் கேட்காதபோது பிள்ளை திகைத்து நிற்கிறது, நாம் அதை 'ரியாக்‌ஷன் ஸ்லோ' என்கிறோம். ஒரு மாதமாக எங்கள் கிரவுண்டில் சின்ன ஆட்டம் நடக்கும்போது வெளியே யாரும் பேசுவதில்லை, நானும் உட்பட. ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசலாம். முதல் மூன்று நாள் ஆட்டமே குழம்பியது. இரண்டாவது வாரத்தில் தலைகள் நிமிர ஆரம்பித்தன. இந்த மாதம் நான் செய்ததில் மிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் டர்ஃபுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும், மண்ணிலேயே ஆடலாமே? இதில்தான் நான் அதிகம் குழம்பினேன். மண் தரையில் பந்து கல்லில் பட்டுத் திசை மாறும். அதைச் சமாளித்துப் பழகிய காலுக்கு ஒரு தனித் திறமை வருகிறது, நம் பிள்ளைகளின் டச்சைப் பார்த்து வெளியூர் டீம்கள் வியப்பதற்குக் காரணம் அதுதான் என்று நம்புகிறேன். ஆனால் எப்போது துள்ளும் என்று தெரியாத பந்தை விட்டுக் கண்ணை எடுக்க எந்தப் பிள்ளைக்கும் துணிச்சல் வராது. தலை குனிந்தபடியே ஆட்டம் போகும். டர்ஃபில் பந்து நேராக உருளும் என்ற நம்பிக்கை வந்ததும் கண் விடுதலையாகிறது. சுற்றிப் பார்க்கும் பழக்கத்தைத் தொடங்க மட்டும் நல்ல தரை வேண்டும். பழக்கம் வந்த பிறகு மண்ணுக்குக் கொண்டுபோகலாம். எங்கள் பக்கம் டர்ஃப் ஒரு மணி நேரம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது, இரவிலும் சனி ஞாயிறிலும் இன்னும் கூட. வார நாளில் காலை ஆறு மணிக்குக் கேட்டால் குறைத்துத் தருகிறார்கள். டர்ஃபே கிடைக்காதவர்கள் ஃபுட்சால் (கட்டாந்தரையில் ஆடும் ஐவர் கால்பந்து) பந்து வாங்கிக்கொள்ளுங்கள். அளவில் சின்னது, துள்ளல் குறைவு, மாநகராட்சி விளையாட்டுத் திடலின் பேஸ்கட்பால் கோர்ட்டில்கூட நன்றாக உருளும்.

கடைசியாகப் பெரியவர் சொன்ன தெரு. அவரை மறுக்க எனக்கு மனசில்லை. 2018-இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் இந்த வியாசர்பாடிப் பிள்ளைதான். தெருவில் பெரிய அண்ணன்களோடு ஆடும் பத்து வயதுப் பையன் உடம்பால் மோதி ஜெயிக்க முடியாது. முன்னாலேயே பார்த்து, மோதல் வருமுன் பந்தை விட்டுவிடக் கற்கிறான். குடம் வைத்த குழாயடி, திரும்பும் ஆட்டோ, சுவரில் பட்டு வரும் பந்து எல்லாம் சேர்ந்து கண்ணைத் தீட்டுகின்றன. ஆனால் இன்றைக்குத் தெரு முழுக்க பைக் நிற்கிறது. அதோடு பெண் பிள்ளைகளைத் தெரு ஆட்டத்தில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. எங்கள் ஏழு பெண்களில் ஒருத்தியைத் தவிர யாரும் தெருவில் பந்தாடி வளரவில்லை. தெருவை நம்பி விட்டால் அவர்கள் பின்தங்கிவிடுவார்கள். அதனால் தெருவில் இருந்ததைக் கிரவுண்டுக்குள் கொண்டுவர முயல்கிறோம். வாரம் ஒரு நாள் வயது பாராமல் கலந்து ஆடுவது, சுவர் ஓரமாக ஆடுவது. பத்து வயதுக்குக் கீழே இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதுகூட வேண்டாம். ஓடிப்பிடித்து, கபடி, கோ-கோ போதும். கபடியில் ரெய்டு வருபவனின் இடுப்பையும் காலையும் பார்த்து அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று கணிப்பதும், டிஃபன்ஸில் நிற்பவன் ஃபார்வர்டைப் படிப்பதும் ஒரே வேலை.

ஆக, பணத்தை இப்படிப் பிரித்திருக்கிறோம். பெரும்பகுதி டர்ஃப் வாடகை: மாதத்துக்கு இரண்டு தடவை, வார நாள் காலையில், அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும். நாலு ஃபுட்சால் பந்து, மஞ்சளும் நீலமும் பிப், மடக்கி எடுத்துப்போகும் சின்ன கோல் நாலு. போனை நிறுத்த ஒரு ஸ்டாண்ட். இரண்டு பிள்ளைகளுக்குக் கண்ணாடிப் பட்டை. லைட் செட் இல்லை. மாதக் கடைசியில் மாடி வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையும் பத்து முறை பந்து வாங்கும்போது எத்தனை முறை சுற்றிப் பார்த்தது என்று ஒரு அம்மா நோட்டில் எழுதப்போகிறார். துபாய்த் தம்பிக்கு அந்தப் பக்கத்தைத்தான் போட்டோ எடுத்து அனுப்பப்போகிறேன்.

ஐந்தாயிரம் ரூபாயைத் தொடாமல் வைத்திருக்கிறோம். அக்டோபர் வந்தால் எங்கள் கிரவுண்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், வடிய டிசம்பர் ஆகும். அந்த இரண்டு மாதத்துக்கு, கூரை போட்ட ஒரு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.